எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

நாத்தனார் என்றால் அண்ணியிடம் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவள் என்று ஊர் சொல்லும். நானும் பதினோரு வருடமாக முயன்று பார்க்கிறேன். என் அண்ணியிடம் குறை இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் எதைச் சொன்னாலும் "ஆமா, நான் அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். சண்டைக்கே வராதவளிடம் எத்தனை நாள்தான் வம்பு வளர்ப்பது? எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவள் கோர்ட்டு வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். முதலில் அந்தக் கடையில் வேலைக்கு இருந்தவள், இப்போது அவள்தான் முதலாளி. அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பா. அப்பாவுக்குக் கோர்ட்டில் கூப்பிடுகிற வேலை. வழக்கு வந்ததும் வாசலில் நின்று, சம்பந்தப்பட்டவர் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறைக்குள் ஆள் உள்ளே வராவிட்டால் வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். அப்பா ஒருமுறை கூப்பிட்டாலே எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் தம்ளரோடு ஓடி வருவான்.

அந்த அப்பா ஒருநாள் கட்டுக்கட்டாக நகல் எடுக்கப் போயிருந்தபோது மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. கடையில் இருந்த பெண் மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி, தாளை உருவி எடுத்தாள். அப்பா நேரே வீட்டுக்கு வந்து, "பையனுக்குப் பொண்ணு பாத்துட்டேன்" என்றார். யார், எந்தக் குடும்பம் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டாள். "கிழியாம எடுத்தா" என்பது மட்டும்தான் அவரிடமிருந்து வந்த தகவல்.

அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. குரல் போகவில்லை, ஆனால் அமுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் கேட்கும். சில நாட்களில் படுக்கை நனைந்துவிடும். அண்ணி காலை ஆறு மணிக்கு ஒரு வார்த்தை பேசாமல் விரிப்பை உருவி, வேறு விரித்து, பழையதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். பெற்ற மகள் நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன், பள்ளிக்கூட ஆபீசில் வேலை, மாலையில் வந்து எட்டிப் பார்ப்பேன். செய்கிறவள் அவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த மெஷின் ஊரைக் கூட்டும். தண்ணீர் பிழிய ஆரம்பித்ததும் உள்ளே கல்லை அள்ளிக் கொட்டியது போல் கடகடவென்று தொடங்கி, உறுமலாகி, அந்தக் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்கும். நாங்கள் பழகிவிட்டோம். மெஷின் ஓடும்போது பேசிப் பேசி எங்கள் குடும்பத்துக்கே தொண்டை பெரிது. ஒரு காலை எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் அண்ணியைப் பார்த்து, "பெரியவருக்கு நேத்தும் முடியலையா? மெஷின் சத்தம் கேட்டுச்சு, அதான் கேட்டேன்" என்றார். நல்ல மனுஷி. அக்கறையில் கேட்டதுதான், அதில் ஒரு துளி விஷம் கிடையாது. ஆனால் அப்பாவின் அறைக் கதவு திறந்திருந்தது.

அதற்கப்புறம் அப்பா, சாப்பாட்டோடு நாலு மடக்கு தவிர, தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். யாருக்கும் தெரியாது. தம்ளரை உதட்டில் வைப்பார், தொண்டையை அசைப்பார், இறக்குவார். தண்ணீர் அப்படியே இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் நாக்கு வறண்டு, பேச்சு குழறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு எங்களைத்தான் திட்டினார்.

"ஒரு வாரம் டைம் தர்றேன். தண்ணி உள்ள போகணும். இல்லேன்னா அட்மிட் பண்ணிடுவேன். கிட்னி இதுக்கு மேல தாங்காது."

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதேன், கத்தினேன், கெஞ்சினேன். அண்ணன் அதட்டிப் பார்த்தான். அப்பா கல் மாதிரிக் கிடந்தார். அண்ணி மட்டும் காலண்டர் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் கடையில் ஒரு பாடம் வைத்திருக்கிறாள். மெஷின் மக்கர் பண்ணினால் எங்கே என்று தேடக் கூடாது, எப்போது என்று கேட்க வேண்டும். தாளை இழுக்கும்போதா, சூடேறும்போதா, வெளியே தள்ளும்போதா? எப்போது என்று தெரிந்தால் எங்கே என்பது தானே தெரியும். அதையே அன்று மனுஷனிடமும் பிரயோகித்தாள். எப்போதிலிருந்து தம்ளரில் தண்ணீர் மீந்தது என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய், தையல்காரம்மா கேட்ட அந்தக் காலையில் விரலை வைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, மெஷின் சத்தத்துக்குப் பயந்துதானே குடிக்க மாட்டேங்கறீங்க?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "ஊர்ல இருக்கறவன் பேரையெல்லாம் நான் கூப்பிட்டேன்மா. இப்ப தினம் காலைல அது என் பேரக் கூப்பிடுது" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

புது மெஷின் வாங்கிவிடலாம் என்றேன். அப்பாவுக்கு அந்த அமுங்கின குரலிலும் எங்கிருந்தோ பழைய அதட்டல் வந்துவிட்டது. "என் மூத்திரத்துக்குப் புது மெஷினா? கொண்டுவந்தீங்கன்னா ஒரு சொட்டுத் தண்ணி தொட மாட்டேன்." டயப்பர் என்ற பேச்சை அண்ணன் முன்பு ஒருமுறை எடுத்ததற்கு, மூன்று நாள் அப்பா அவன் முகத்தில் விழிக்கவில்லை. கையால் துவைத்தால் சத்தமே வராதே என்று அண்ணி இரண்டு நாள் துவைத்துப் பார்த்தாள். கனத்த விரிப்பை அவள் முறுக்கிப் பிழிவதை அறையிலிருந்தே பார்த்த அப்பா, குடித்துக்கொண்டிருந்த நாலு மடக்கையும் இரண்டாகக் குறைத்துக்கொண்டார்.

"சரி, அப்ப சத்தத்தையே எடுத்துடறேன்" என்றாள் அண்ணி. ஏதோ சட்டையில் கறை எடுப்பது போலச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை உதிரி பாகக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரிங், ஒரு ரப்பர் சீல், தொட்டியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் இரண்டு. கடைக்காரர் எடுத்து வைத்துவிட்டு, "யாரு மாட்டப் போறாங்க?" என்றார்.

"நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "மாட்டினப்புறம் சத்தம் வருதுன்னு திரும்பக் கொண்டுவந்துடாதீங்கம்மா" என்றார்.

"வந்தா, எப்ப வருதுன்னு எழுதிக் கொண்டுவரேன்" என்றாள்.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வேலையைத் தொடங்கினாள். குளியலறையை ஒட்டிய சின்ன நடையில், அப்பாவின் அறைச் சுவரோரமாக மெஷின் நின்றது. அதைக் கழற்றுவதற்கு முன்னால், பாழான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் நான்கு கோணத்திலும் படம் வரைந்தாள். எந்தத் திருகாணியைக் கழற்றினாலும், படத்தில் அது இருந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினாள். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், நகல் ஒரிஜினல் மாதிரியே இருக்க வேண்டும் என்பது அவள் தொழில் தர்மம். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மேற்பக்கமாக ஒரு கட்டை செருகியிருந்தது. அதையும் தட்டி எடுத்து, படத்தில் ஒரு கட்டம் போட்டு, "கட்டை, இடது மேல்" என்று எழுதி வைத்தாள். அண்ணன், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பதவியில் அமர்ந்தான்.

மதியத்துக்குள் தொட்டி வெளியே வந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய பேரிங்கைப் பார்த்தேன். துருப்பிடித்து, குண்டுகள் தேய்ந்து, கையில் ஆட்டினால் கிலுகிலுப்பை. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓடியது என்று மெஷின் மேல் எனக்கு மரியாதையே வந்தது. இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பழையதை வெளியேற்றினாள். புதியதைக் கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்கினாள். டங் டங் என்று வந்த சத்தம் ஒரு கட்டத்தில் டக் என்று மாறியதும் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அடியில போய் ஒக்காந்துருச்சு. இனிமே அடிச்சா ஒடையும்."

மாலைக்குள் எல்லாத் திருகாணிகளும் படத்திலிருந்து மெஷினுக்குத் திரும்பிவிட்டன. ஒன்றுகூட மீதி இல்லை. கட்டையும் தன் இடத்துக்குப் போனது. அண்ணன் கை தட்டினான்.

ஓடவிட்டோம். உறுமல் போயே போய்விட்டது. ஆனால் கிறீச் என்று ஒரு சத்தம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி பிடிக்கும்போது இல்ல. சுத்த ஆரம்பிக்கும்போதுதான்" என்றாள். பின்மூடியைத் திறந்தால், பெல்ட் சக்கரத்தின் நடுவில் உட்காராமல் ஓரத்தில் ஏறி நின்றது. நகர்த்தினாள், கிறீச் போனது.

அடுத்து, தண்ணீரை வெளியேற்றும்போது கிலுக் கிலுக் என்று ஒரு சத்தம். "இது புதுசா?" என்று அண்ணன் பதறினான்.

"பழசுதான். பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தமெல்லாம் தலை காட்டும். அத்தனை நாள் பயந்து கிடந்திருக்கும்" என்று கீழே இருந்த பம்ப் வடிகட்டியைத் திருகினாள். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு நாணயம், என் தோட்டுத் திருகு. அந்தத் திருகைத் தொலைத்ததற்காக நான் போன வருடம் அண்ணன் மேல் பழி போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அண்ணி அதைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மேலே ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

மூன்றாவது சத்தத்தில்தான் மாட்டிக்கொண்டோம். பிழியும்போது மட்டும், வேகம் உச்சத்துக்குப் போனதும், டொம் டொம் டொம் என்று. பழைய உறுமல் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் மாடிப்படியில் என்னை நிற்க வைத்துக் கேட்கச் சொன்னபோது, இரண்டு படி கீழே இறங்கியும் தெளிவாகக் கேட்டது. கதவைத் தட்டிக் கூப்பிடுவது மாதிரியே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு போராட்டம். ஒரே விரிப்பு என்றால் ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும் என்று கூட இரண்டு துண்டு போட்டாள். டொம். காலியாக ஓடவிட்டாள். டொம். மேலே தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, நான்கு காலையும் திருகிச் சரி செய்தாள். தொட்டி துள்ளாமல் இருக்க அதோடு பூட்டியிருக்கும் காங்கிரீட் பாரத்தின் போல்ட்டுகளை முறுக்கினாள். ஷாக் அப்சார்பரைக் கழற்றித் திரும்ப மாட்டினாள். ஒவ்வொரு முறையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரிஜினல் படியே இருந்தது. டொம்.

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்து, "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா போச்சு" என்றான்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. மறுநாள் டாக்டர் சொன்ன கெடு முடிகிறது. "முதல்லயே புதுசு வாங்கித் தொலைச்சிருக்கலாம். யாரு கேட்டாங்க இந்த வித்தையெல்லாம்?" என்று கத்தினேன்.

அண்ணி எழுந்தாள். முகமெல்லாம் கிரீஸ். "புதுசு வந்தா உங்கப்பா தண்ணி குடிப்பாரா? அதை முதல்ல சொல்லு. சாயங்காலம் வந்து தலையைத் தடவிட்டுப் போறவளுக்கு என்ன தெரியும்?"

பதினோரு வருடமாக நான் எதிர்பார்த்த சண்டை. வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி அழுது நான் பார்த்ததே இல்லை.

அப்போது சுவரில் டொக், டொக், டொக் என்று மூன்று முறை கேட்டது. மெஷின் நின்றிருந்தது. அப்பாதான் விரல் முட்டியால் தட்டியிருக்கிறார்.

மூன்று பேரும் ஓடினோம். அப்பா ஒருக்களித்து, இடது உள்ளங்கையைத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

"திரும்பப் போடு" என்றார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வருது மாமா? எந்த வேகத்துல?" என்றாள்.

"எப்பன்னு கேட்டு நாள் முழுக்கப் போச்சு. எங்கன்னு கேளு." உள்ளங்கை வைத்த இடத்தைக் கண்ணால் காட்டினார். "மெஷின் அடிக்கல. இந்த இடம் அடிக்குது. இங்க மட்டும்."

நாள் முழுவதும் வீட்டில் இருந்த எல்லோரையும் ஒவ்வொரு மூலையில் நிறுத்திக் கேட்டோம். அந்தச் சுவரிலேயே தலை வைத்துப் படுத்திருந்த மனுஷனை மட்டும் யாரும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது என்று அண்ணிக்கும் தயக்கம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். சுவருக்குக் காது உண்டு என்று சொல்வார்கள், எங்கள் வீட்டுச் சுவருக்கு வாயும் இருந்திருக்கிறது.

அண்ணி நடைக்குப் போய், சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து முழம் போட்டு அளந்தாள். அளந்த கை போய் நின்ற இடத்தில் கட்டை இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், ஷாக் அப்சார்பர் தேய்ந்து மெஷின் தரையில் நடக்க ஆரம்பித்தபோது அப்பா செருகிய கட்டை. அளவாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்தார். நடக்கிற மெஷினைப் பிடித்து நிறுத்த அன்று அது வேண்டியிருந்தது. இன்று மெஷின் நடக்கவில்லை. உள்ளே புதிய பாகங்கள் லேசாக ஆடித் தங்கள் வேலையைச் செய்ய, அந்த ஆட்டத்தையெல்லாம் கட்டை வாங்கிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. சுவர் அதை அப்பாவின் தலைமாட்டுக்கும் மாடிப்படிக்கும் கொண்டுபோனது.

அண்ணி தன் படத்தை எடுத்துப் பார்த்தாள். "கட்டை, இடது மேல்." அவள் கையெழுத்துதான். "ஒரிஜினல்ல கறை இருந்தா நகல்லயும் கறை விழும்னு தினம் நாலு பேருக்குச் சொல்றேன். நானே போட்டிருக்கேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கட்டையை உருவக் கை நீட்டியவள், நிறுத்தி, அறைக்குள் போனாள்.

"மாமா, உங்க கட்டை. எடுக்கட்டுமா?"

"நான் வச்சது. நான் எடுக்கறேன்" என்றார் அப்பா.

சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். இடது கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. அண்ணன் உதவப் போனான், அண்ணி கண்ணாலேயே தடுத்தாள். அப்பா பல்லைக் கடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். சுவர்ப் பெயின்ட் ஒரு விரலளவு உரிந்துகொண்டு கட்டை வெளியே வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "ம், போடு" என்றார்.

மெஷின் சுற்றியது, வேகம் எடுத்தது, உச்சத்துக்குப் போனது. விசிறி ஓடுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். "ஓடுதா?" என்று அண்ணன் உரக்கக் கேட்டான். பழக்க தோஷம். அந்த அமைதியில் அவன் குரல்தான் அசிங்கமாக இருந்தது.

அன்று இரவு நான் என் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஆமா, நீ அப்படித்தான்" என்றாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அப்பாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. தையல்காரம்மா பையோடு படியிறங்கினார். எங்களைப் பார்த்துச் சிரித்து, "இன்னிக்கு வெயில் நல்லா அடிக்கும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு எதையும் கேட்கவில்லை. அப்பா அவர் காலடிச் சத்தம் கடைசிப் படி வரை போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம், "இன்னும் மெஷின் போடலையா? எப்பப் போடப் போறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டு, முடிஞ்சு, கொடியில காயப் போட்டாச்சுப்பா. நீங்க முழிச்சுதான் இருந்தீங்க."

அப்பா சன்னல் வழியாகப் பார்த்தார். விரிப்பு கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தம்ளரை இடது கையால் எடுத்து, இந்த முறை தொண்டையை நடிக்க வைக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து எனக்குக் காட்டினார். நான் செம்பை எடுக்க எழுந்தேன். வேண்டாம் என்று கையமர்த்தினார். முதுகை நிமிர்த்தி, வாசல் பக்கம் திரும்பி, ஒரு வருடமாக அந்த வீடு கேட்காத குரலில், கோர்ட்டில் பெயர் சொல்லுகிற அதே இழுவையில், மூன்று மாடிக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"மருமகளே... தண்ணீ! மருமகளே... தண்ணீ!"

கூப்பிட்டால் மூன்றாவது முறைக்குள் வந்து நிற்க வேண்டும் என்பது கோர்ட்டு வழக்கம். அண்ணி இரண்டாவதுக்கே செம்போடு வந்து நின்றாள்.